18 வோல்ட்டா, 20 வோல்ட்டா, 9 ஆம்பியர் அவரா? கார்ட்லெஸ் பேட்டரி லேபிளைப் படிப்பது எப்படி

டர்பனில் ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு கார்ட்லெஸ் டிரில் கேட்டால் கவுன்டரில் நாலைந்து பெட்டிகளை எடுத்து வைக்கிறார்கள். ஒன்றில் 18 வோல்ட், பக்கத்தில் 20 வோல்ட், அதற்கும் மேலே 40 வோல்ட். பேட்டரி மட்டும் தனியாகக் கேட்டால் இன்னும் குழப்பம். பெயர் பெற்ற கம்பெனியின் 5 ஆம்பியர் அவர் பேட்டரி ஒரு விலை. அதே வடிவத்தில், அதே கருவியில் மாட்டக்கூடிய, பெயர் தெரியாத 9 ஆம்பியர் அவர் பேட்டரி அதில் பாதி விலை. பெரிய எண், சின்ன விலை. எதை எடுப்பது?

இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. லோட் ஷெடிங் 2023-ல் உச்சத்தில் இருந்தபோது, கரன்ட் இல்லாத நேரத்திலும் வேலை நடக்க வேண்டுமே என்று பலர் கார்ட்லெஸ்ஸுக்கு மாறினார்கள். 2024 மார்ச் கடைசியில் மின்வெட்டு நின்று, அப்புறம் மாதக்கணக்கில் இல்லாமலே போனது. ஆனால் அந்த நாட்களில் வாங்கிய பேட்டரிகளுக்கு வயதாகிவிட்டது. டர்பனின் சாட்ஸ்வர்த்தில் இரும்பு கேட்டும் பர்க்ளர் கார்டும் (ஜன்னல், கதவுத் தடுப்புக் கம்பி) செய்பவர், ஃபீனிக்ஸில் கிச்சன் கப்போர்டு மாட்டுபவர், தைப்பூசத்துக்கு ரதம் கட்டும் இளைஞர்கள் என்று எல்லோருக்கும் இன்று ஒரே கணக்குதான்: அதே பிராண்டில் புது பேட்டரி வாங்குவதா, மலிவான நகலை வாங்குவதா, பிராண்டையே மாற்றுவதா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். நீங்கள் வாங்குவது கருவியை அல்ல, ஒரு பேட்டரிக் குடும்பத்தை. அந்தப் பேட்டரியின் தரத்தைத் தீர்மானிப்பது லேபிளில் உள்ள வோல்ட்டும் ஆம்பியரும் அல்ல, உள்ளே இருக்கும் செல். இது ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வோல்ட்: 18-ம் 20-ம் ஒன்றே

கார்ட்லெஸ் பேட்டரியின் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தால், சின்ன டார்ச் லைட்டில் போடும் ஏஏ பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரிய உருளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு லித்தியம் அயன் செல். ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6. முழுசாக சார்ஜ் ஆன உடனே அது 4-ஐத் தாண்டி நிற்கும். வேலை தொடங்கியதும் 3.6 பக்கம் இறங்கி, பெரும்பாலான நேரம் அங்கேயே இருக்கும்.

1. ஐந்து செல்லைத் தொடராக இணைத்தால் சராசரி 5 × 3.6 = 18 வோல்ட்.
2. அதே ஐந்து செல், சார்ஜரிலிருந்து எடுத்த உடனே 5 × 4 = 20 வோல்ட்.
3. மூன்று செல் என்றால் 10.8. அதையே 12 வோல்ட் என்று விற்கிறார்கள்.
4. பத்து செல் என்றால் 36. மக்கிட்டாவின் எக்ஸ்ஜிடி வரிசையில் அதன் பெயர் 40 வோல்ட்.

டீவால்ட் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்று விற்பதையே ஐரோப்பாவில் 18 வோல்ட் எக்ஸ்ஆர் என்று விற்கிறது. பேட்டரி மாறவில்லை, லேபிள்தான் மாறுகிறது. 18 பலவீனம், 20 பலம் என்று கடைக்காரர் சொன்னால் அதை விட்டுவிடுங்கள்.

40 வோல்ட்டில் நிஜமான வித்தியாசம் உண்டு. ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. அதே சக்தியை இரண்டு மடங்கு வோல்டேஜில் கொடுத்தால் பாதி ஆம்பியர் போதும், ஒயரும் மோட்டாரும் குறைவாகச் சூடாகும். நாள் முழுக்கக் கான்கிரீட் உடைப்பவருக்கு அது பயன்படும். திரைக்கம்பி மாட்டவும் கப்போர்டு பொருத்தவும் 18 வோல்ட் தாராளம்.

ஆம்பியர் அவரும் வாட் அவரும்

பேட்டரியில் ஏஎச் என்று போட்டிருப்பதுதான் ஆம்பியர் அவர். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்பது போல, பேட்டரியில் எவ்வளவு இருப்பு என்பதை அது சொல்கிறது. ஆனால் வெவ்வேறு வோல்ட்டில் உள்ள இரண்டு பேட்டரிகளை ஏஎச் வைத்து ஒப்பிட முடியாது. அதற்கு வாட் அவர் வேண்டும். வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்கினால் வாட் அவர்.

- 18 வோல்ட், 2 ஆம்பியர் அவர்: 36 வாட் அவர்
- 18 வோல்ட், 5 ஆம்பியர் அவர்: 90 வாட் அவர்
- 36 வோல்ட், 2.5 ஆம்பியர் அவர்: அதுவும் 90 வாட் அவர்

கடைசி இரண்டையும் கவனியுங்கள். 40 வோல்ட் என்று எழுதிய 2.5 பேட்டரியும் 18 வோல்ட் 5 பேட்டரியும் தலா பத்து செல் கொண்டவை. செல்களைக் கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு. டீவால்ட்டின் ஃப்ளெக்ஸ்வோல்ட் பேட்டரி இதைத் தானே செய்கிறது: 54 வோல்ட் கருவியில் மாட்டினால் 2 ஆம்பியர் அவர், 18 வோல்ட் கருவியில் மாட்டினால் 6. இரண்டு பக்கமும் 108 வாட் அவர்தான்.

பெட்டிக்குள் என்ன செல்?

விலைக்கும் தரத்துக்கும் உள்ள உறவு முழுக்க இங்கேதான் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

கருவிப் பேட்டரிகளில் இரண்டு அளவு செல்கள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று 18650: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். மற்றது 21700: 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம். பெயரே அளவு.

கருவிக்குத் தேவை இரண்டு குணங்கள்: எவ்வளவு சேமித்து வைக்கும், எவ்வளவு வேகமாக அதைக் கொட்டும். ஒரு செல்லில் இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும். அதிகம் சேமிக்கும் செல் மெதுவாகக் கொடுக்கும். வேகமாகக் கொடுக்கும் செல்லில் சேமிப்பு குறையும். லேப்டாப்பில் போடும் 18650 செல் 3.5 ஆம்பியர் அவர் வரை சேமிக்கும், ஆனால் கிரைண்டர் கேட்கும் வேகத்துக்கு அதனால் கொடுக்க முடியாது. நல்ல கருவிப் பேட்டரிக்குள் 2.5 ஆம்பியர் அவர் உள்ள, வேகமாகக் கொடுக்கும் செல்லைப் போடுகிறார்கள். லேபிளில் எண் சின்னது, கையில் பலம் பெரிது.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியை கிரைண்டரால் வெட்டுகிறீர்கள். டிஸ்க் கம்பியைக் கடிக்கும் நொடியில் மோட்டார் 30 ஆம்பியர் கேட்கிறது என்று வையுங்கள். 2 ஆம்பியர் அவர் பேட்டரியில் ஐந்தே செல், ஒரே வரிசை. அந்த 30 முழுவதும் ஒவ்வொரு செல்லின் வழியாகவும் ஓட வேண்டும். வோல்டேஜ் சடாரென்று விழும், சத்தம் இறங்கும், காவல் சர்க்கியூட் மோட்டாரை நிறுத்தும். விரலை எடுத்துத் திரும்ப அழுத்தினால் ஓடும், மறுபடி நிற்கும். கருவி கெட்டுவிட்டது என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவது இந்தக் கட்டத்தில்தான். அதே கிரைண்டரில் 5 ஆம்பியர் அவர் பேட்டரியை மாட்டுங்கள். உள்ளே பத்து செல், இரண்டு வரிசை, ஒவ்வொரு செல்லுக்கும் 15 ஆம்பியர்தான். செல்லில் பிறக்கும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஒவ்வொரு செல்லிலும் சூடு நாலில் ஒரு பங்காகக் குறையும். கம்பி வெண்ணெய் போல வெட்டுப்படும்.

ஆகவே பெரிய பேட்டரி என்பது அதிக நேரம் ஓடுவதற்கு மட்டும் அல்ல, அதிக பலத்துக்கும்தான். போஷ் புரோகோர் வரிசையில் 4 ஆம்பியர் அவர் பேட்டரிக்குள் 21700 அளவில் ஐந்து பெரிய செல் மட்டுமே. பழைய முறையில் 4 ஆம்பியர் அவருக்குச் சின்ன செல் பத்து வேண்டும். கனம் குறைந்தும் பலம் குறையாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

பாதி விலைக்கு வரும் அந்த 9 ஆம்பியர் அவர் நகலை இப்போது எடுத்துக்கொள்வோம்.

1. அதன் கூடு 5 ஆம்பியர் அவர் பேட்டரியின் அளவுதான். உள்ளே 18650 செல் பத்துக்கு மேல் நுழையாது.
2. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 18650 செல்லின் அதிகபட்சச் சேமிப்பு சுமார் 3.6 ஆம்பியர் அவர். இரண்டு வரிசை என்றால் 7.2. அதுவும் மெதுவாகக் கொடுக்கும் லேப்டாப் வகை.
3. ஆகவே அந்தக் கூட்டில் 9 இருக்க வாய்ப்பே இல்லை.

உண்மையான 9 ஆம்பியர் அவர் பேட்டரி இல்லாமல் இல்லை. டீவால்ட் ஃப்ளெக்ஸ்வோல்ட்டில் உண்டு. அதில் 15 செல், கையில் எடுத்தால் செங்கல் மாதிரி இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம், கிச்சன் தராசு போதும். ஒரு 18650 செல்லின் எடை 45 முதல் 48 கிராம். பத்து செல் கிட்டத்தட்ட 460 கிராம். கூடு, சர்க்கியூட், தகடு எல்லாம் சேர்ந்தால் நல்ல 5 ஆம்பியர் அவர் பேட்டரி 600 கிராமைத் தாண்டும். பெரிய எண் போட்ட நகலைத் தராசில் வைத்து 450 கிராம் காட்டினால், உள்ளே பத்து செல் இருக்க வழியில்லை. ஐந்து செல்லும் காற்றும்தான். எடை சரியாக இருந்தாலும் செல் நல்ல வகையா என்பது தெரியாது. ஆனால் எடை குறைந்தால் பொய் என்பது உறுதி. நகல் வாங்கியே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இந்த ஒரு சோதனையையாவது கடையிலேயே செய்துவிடுங்கள்.

நகலில் காசு வீணாவதைவிட எனக்குப் பெரிய கவலை காவல் சர்க்கியூட். செல்லின் வோல்டேஜ் 2.5-க்குக் கீழே போகாமலும், ஒரு செல் மற்றவற்றைவிட அதிகம் சார்ஜ் ஆகாமலும், சூடு எல்லை மீறாமலும் பார்ப்பது அதன் வேலை. நகல் செய்பவர்கள் முதலில் மிச்சம் பிடிப்பது இதில்தான். ராத்திரி முழுக்க சார்ஜரில் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தூங்குகிற வீட்டில் அந்த மிச்சம் ஆபத்து. ஒரு பிராண்ட் பேட்டரியை வேறு பிராண்ட் கருவியில் மாட்டும் அடாப்டர்களிலும் இதே பிரச்சினை. சில குடும்பங்களில் வோல்டேஜ் இறங்கினால் நிறுத்தும் காவல் பேட்டரிக்குள் இருக்கும், சிலவற்றில் கருவிக்குள் இருக்கும். இரண்டையும் கலந்தால் காவலே இல்லாமல் போகலாம்.

மோட்டார் பற்றிச் சுருக்கமாக

பழைய வகை மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே ஓடும், தேயும், உரசலில் சக்தி வீணாகும். பிரஷ்லெஸ் மோட்டாரில் அந்த வேலையை எலெக்ட்ரானிக்ஸ் செய்கிறது. அதே பேட்டரியில் அதிக நேரம் ஓடும். கிரைண்டர், சுற்றுவாள், இம்பாக்ட் டிரைவர் மூன்றுக்கும் பிரஷ்லெஸ் வாங்குங்கள். வருடத்தில் பத்து நாள் தொடும் டிரில்லுக்கு பிரஷ் மோட்டாரே போதும்.

டார்க் (திருகும் பலம்) என்று பெட்டியில் போடும் நியூட்டன் மீட்டர் எண்ணில் இரண்டு வகை: கெட்டியான இணைப்பில் ஒரு நொடி காட்டும் உச்சம், மென்மையான இணைப்பில் நீடித்து நிற்கும் பலம். முதலாவது எப்போதும் பெரியது. ஒரு பிராண்டின் உச்சத்தை இன்னொன்றின் நீடித்த எண்ணோடு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். அப்புறம், கான்கிரீட் லின்டலில் ஓட்டை போட முடியவில்லை என்றால் அது பேட்டரியின் குறை அல்ல. அதற்கு எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர் வேண்டும். சாதாரண ஹேமர் டிரில் செங்கலுக்குத்தான்.

எந்தக் குடும்பம்?

பல பெயர்களுக்குப் பின்னால் உள்ள முதலாளிகள் சிலரே. மில்வாக்கி ஹாங்காங்கின் டெக்ட்ரானிக் இண்டஸ்ட்ரீஸ் கையில். டீவால்ட்டும் பிளாக் அண்ட் டெக்கரும் ஒரே நிறுவனம், ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர். ஹிட்டாச்சி கருவிகள் 2018-லிருந்து ஹைகோக்கி. முதலாளி ஒன்று என்பதால் பேட்டரி மாறி மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். போஷ்ஷில் நீலக் கருவி ஒரு குடும்பம், பச்சைக் கருவி வேறு குடும்பம். ஒரே கம்பெனி, ஒரே 18 வோல்ட், ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றதில் நுழையாது. இதைத் தெரியாமல் வாங்கித் தவிப்பவர்கள் ஏராளம்.

- மக்கிட்டா எல்எக்ஸ்டி: 2005-லிருந்து வரும் 18 வோல்ட் குடும்பம். கருவி வகைகள் மிக அதிகம். தினமும் வேலை செய்பவருக்கு என் முதல் பரிந்துரை.
- போஷ் நீலம்: 2008-லிருந்து 18 வோல்ட் பேட்டரியின் வாய் மாறவில்லை. பழைய கருவி கையில் இருந்தால் புது பேட்டரி தைரியமாக வாங்கலாம்.
- டீவால்ட்: மரவேலைக்காரர்களுக்கு நல்ல தேர்வு. ஃப்ளெக்ஸ்வோல்ட் பேட்டரி 18 வோல்ட் கருவியிலும் ஓடுவதால், பெரிய வாள் வாங்கும்போது பழையதைத் தூக்கிப்போட வேண்டாம்.
- மில்வாக்கி எம்18: பலத்தில் குறை சொல்ல முடியாது, விலையும் அதற்கேற்ப. பிளம்பிங், இரும்பு வேலையில் சம்பாதிப்பவருக்குப் பொருந்தும். வீட்டுக்குத் தேவையில்லை.
- ஐன்ஹெல், இங்கோ, டோட்டல்: வார இறுதி வேலைக்குக் கொடுத்த காசுக்கு மோசமில்லை. பெயர் தெரியாத நகலைவிட இவற்றின் சொந்தப் பேட்டரி எவ்வளவோ மேல்.

இரண்டு பிராண்டுகளுக்கு நடுவே தடுமாறினால், உங்கள் ஊரில் எந்தப் பிராண்டுக்கு ரிப்பேர் கவுன்டர் இருக்கிறது, சுவிட்சும் பேட்டரியும் கையிருப்பில் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். டோங்காட்டில் இருப்பவர் ஒரு சுவிட்சுக்காக ஜோஹன்னஸ்பர்க் பார்சலுக்கு மூன்று வாரம் காத்திருந்தால், அந்தக் கருவி அவருக்கு மலிவு அல்ல.

வெளிநாட்டிலிருந்து வரும் பேட்டரி

துபாயிலிருந்து அண்ணன் வருகிறார், அமெரிக்காவிலிருந்து மாமா மகன் வருகிறான், வாங்கி வரச் சொல்லலாமா? மூன்று விஷயம் பாருங்கள்.

1. சார்ஜர். அமெரிக்க சார்ஜர் 120 வோல்ட்டுக்கு. நம் வீட்டில் 230. பிளக் மாற்றிச் சொருகினால் எரிந்துபோகும். பேட்டரியும் கருவியும் பொருந்தினாலும் சார்ஜரை இங்கேதான் வாங்க வேண்டும்.
2. விமானம். தனி பேட்டரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், செக்கின் பெட்டியில் கூடாது. 100 வாட் அவர் வரை பொதுவாகப் பிரச்சினை இல்லை. 100-க்கும் 160-க்கும் நடுவே விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதிகம் போனால் இரண்டு. 160-க்கு மேல் பயணி எடுத்துவர முடியாது. 18 வோல்ட் 5 ஆம்பியர் அவர் 90, அது வரும். 9 என்று எழுதிய நகல் 162. உள்ளே பாதி காலியாக இருந்தாலும் லேபிளைப் பார்த்துப் பிடுங்கிக்கொள்வார்கள்.
3. வாரன்டி. அங்கே வாங்கியதற்கு இங்குள்ள ஏஜன்ட் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

உள்ளூரில் வாங்கும்போது தென்னாப்பிரிக்காவின் 2008-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அதன் 56-ம் பிரிவின்படி, கைக்கு வந்த 6 மாதத்துக்குள் பொருள் குறையுள்ளது என்று தெரிந்தால் ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்வு செய்யும் உரிமை வாங்கியவருடையது, கடைக்காரருடையது அல்ல. ரிப்பேர் செய்த 3 மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் மாற்றித் தர வேண்டும், அல்லது பணத்தைத் தர வேண்டும். தவறாகப் பயன்படுத்திக் கெடுத்ததற்கு இது பொருந்தாது. 25-ம் பிரிவு இன்னொன்று சொல்கிறது: பிராண்ட் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் இறக்குமதி செய்ததை விற்றால், அதைப் பளிச்சென்று பொருளின் மேல் எழுதி ஒட்ட வேண்டும். அசல் பிராண்ட் ஆச்சரியமான விலைக்குக் கிடைத்தால், அந்த அறிவிப்பு எங்கே என்று கேளுங்கள். ரசீதில் பேட்டரியின் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். "ஒன் பேட்டரி" என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்து வாதாடுவது கஷ்டம்.

விலையைக் கணக்குப் போடும் முறை

கீழே உள்ளவை கணக்குக்காக நான் வைத்த எண்கள், கடை விலை அல்ல. 2 ஆம்பியர் அவர் பேட்டரி 900 ராண்ட், 5 ஆம்பியர் அவர் பேட்டரி 1,800 ராண்ட் என்று வையுங்கள். முதலாவதில் ஒரு வாட் அவருக்கு 25 ராண்ட், இரண்டாவதில் 20. பெரியதே மலிவு, பலமும் அதிகம். 700 ராண்ட்டுக்கு நகல் வாங்கி, உள்ளே நிஜமாக 40 வாட் அவர்தான் இருந்தது என்றால் அங்கே 17.50. கேட்க லாபம்தான். ஆனால் அது ஒரு வருடத்தில் படுத்து, 1,800 ராண்ட் பேட்டரி நாலு வருடம் உழைத்தால், அதே நாலு வருடத்துக்கு நகலுக்கு 2,800 ராண்ட் போயிருக்கும். பாதி இருப்புகூட இல்லாமல்.

1. உங்களுக்கு அடுத்த மூன்று வருடத்தில் தேவைப்படும் கருவிகளைப் பட்டியலிடுங்கள். எல்லாம் ஒரே குடும்பத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.
2. முதல் முறை கிட் வாங்குங்கள். இரண்டு பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்து வரும்போது பேட்டரியின் விலை தனியாக வாங்குவதைவிடப் பெரும்பாலும் குறைவாக விழும். நவம்பர் தள்ளுபடிகளில் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.
3. அடுத்ததிலிருந்து வெறும் கருவியை மட்டும் வாங்குங்கள்.
4. ஒரு சின்ன பேட்டரி, ஒரு பெரிய பேட்டரி. தலைக்கு மேல் கை தூக்கி ஸ்க்ரூ போட 2, கிரைண்டருக்கும் வாளுக்கும் 5.

சார்ஜரையும் கணக்கில் சேருங்கள். 2.5 ஆம்பியர் சார்ஜரில் 5 ஆம்பியர் அவர் பேட்டரி நிறைய 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 9 ஆம்பியர் வேக சார்ஜரில் முக்கால் மணி. ஆனால் அந்த வேக சார்ஜர் 200 வாட்டுக்கு மேல் இழுக்கும். லோட் ஷெடிங் திரும்பி வந்து சின்ன இன்வெர்டரில் வீட்டு விளக்கோடு அதையும் சொருகினால் இன்வெர்டர் கத்தும்.

டர்பன் வெயிலில் காப்பாற்றுவது

லித்தியம் செல்லைத் தின்பது சூடு. பிப்ரவரி மதியத்தில் பூட்டிய பக்கியின் (பிக்கப் வண்டியின்) டேஷ்போர்டில் பேட்டரியை விட்டால், அது சீக்கிரமே தேய்ந்துபோகும். கிரைண்டரிலிருந்து எடுத்த சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள், கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும். மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுசாக நிரப்பியும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். கடலோரத்தில் இருப்பவர்கள் பேட்டரியின் இணைப்புத் தகடுகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்து உலர்ந்த துணியால் துடைக்கலாம். உப்புக் காற்று பிடித்த தகட்டில் மின்தடை கூடி, நல்ல பேட்டரியும் பலவீனமாகத் தெரியும்.

முற்றிலும் செத்துப்போன பேட்டரிக்கு இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து உயிர் கொடுக்கும் வித்தை வீடியோக்களில் சுற்றுகிறது. அதைச் செய்ய வேண்டாம். ரொம்ப நாள் காலியாகக் கிடந்த செல்லுக்குள் செம்பு கரைந்து வேறு இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் நிலையில் இருக்கலாம். வீங்கிய பேட்டரியையும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரி நசுக்கும்போது தீப்பிடிக்கும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பேட்டரி வீட்டுக்கு வந்த அன்றே தராசில் வைத்து எடை பாருங்கள். எடையையும் தேதியையும் மார்க்கரால் அதன் அடியில் எழுதி, ரசீதை போனில் படம் எடுத்து வையுங்கள். ஐந்தாவது மாதம் முடிவதற்குள், ஒரே பலகையில் ஒரே அளவு ஸ்க்ரூவை ஒரு முழு சார்ஜுக்கு எத்தனை போடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் எண்ணியதைவிடப் பெரிய அளவில் குறைந்திருந்தால், கடைக்குப் போக உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.